டைல்ஸ் முந்தி வந்துவிட்டது, லிஃப்ட் இன்னும் ஆர்டரே ஆகவில்லை

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் அப்பா காலத்திலிருந்து மாங்காய் மண்டி வைத்திருக்கிறோம். கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் இருந்த எங்கள் நிலத்தில் 36 அறைகளுடன் ஓட்டல் கட்டுகிறேன். தரைத்தளத்தில் ரிசப்ஷனும் ரெஸ்டாரண்டும், மேலே மூன்று மாடியில் மாடிக்குப் பன்னிரண்டு அறை. லேபர் மட்டும் கான்ட்ராக்ட், பொருள் எல்லாம் நாங்களே வாங்கிக் கொடுக்கிறோம். வாங்குவதை மச்சான் பார்க்கிறார். மேல் ரூஃப் கான்கிரீட் முடிந்து, இரண்டாவது மாடியில் உள்பூச்சு ஓடுகிறது. அறைகளுக்கான டைல்ஸ் 450 பெட்டி குஜராத் மோர்பியிலிருந்து வந்து இரண்டு மாதமாகப் பார்க்கிங்கில் கிடக்கிறது. 18 பெட்டி உடைந்துவிட்டது. போதாது என்று மேஸ்திரி சொல்கிறார், அதே ஷேடு இனிக் கிடைக்காது என்று கடைக்காரர் சொல்கிறார். பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் இன்னும் முடிவாகவில்லை. லிஃப்ட் ஆடி கழித்து ஆர்டர் கொடுக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஃபர்னிச்சருக்குப் பெங்களூரில் ஒருவர் 60 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார். விலை ஏறுவதற்குள் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப் போட்டுவிடலாமா, அல்லது மீதி வேலையை, பொருளும் கூலியும் சேர்த்து முழுதாக முடித்துத் தரும் டர்ன்கீ கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிடலாமா? தையில் திறக்க வேண்டும். பேங்க் வட்டி ஓடுகிறது. — கிருஷ்ணகிரி வாசகர் (கடிதத்தின் சுருக்கம்)

வணக்கம்.

இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக மேஸ்திரிக்குப் போன் போட்டு, பாத்ரூம் சுவர்களில் பூச்சை நிறுத்தச் சொல்லுங்கள். அறைக்குள் பூசட்டும், வராண்டாவில் பூசட்டும், பாத்ரூமைத் தொட வேண்டாம். காரணத்துக்கு என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஓசூரில் 44 அறை ஓட்டல் ஒன்றுக்கு நான் சைட் இன்ஜினியர். ஷவருக்குச் சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டர், அதாவது தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் வால்வு. உள்ளே புதையும் பாடி ஒரு பெட்டியில் வரும், வெளியே தெரியும் கைப்பிடியும் வட்டத் தட்டும் வேறு பெட்டியில் வரும். பாடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதில் இரண்டு கோடு போட்டிருப்பார்கள். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு சுவரின் முகம் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். நாங்கள் பாடி வைத்த அன்று சுவருக்கு என்ன ஒட்டப்போகிறோம் என்பதே முடிவாகவில்லை. சாதாரண 8 மில்லிமீட்டர் டைல்தானே என்று நானே நினைத்துக்கொண்டு வைக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து முதலாளி 18 மில்லிமீட்டர் கிரானைட் என்று மாற்றினார். கல்லும் அதன் பின்னால் கலவையும் சேர்ந்து சுவர் முன்னால் வந்துவிட்டது. கைப்பிடியை மாட்டப்போனால் எட்டவில்லை. நீட்டிக்கும் துண்டு அந்த மாடலுக்குக் கிடையாது. 29 பாத்ரூமில் பதித்த கல்லை உடைத்து எடுத்தோம். அதில் பிளம்பர் தப்பும் இல்லை, கடைக்காரர் தப்பும் இல்லை. வாங்க வேண்டிய வரிசையைப் பார்க்காமல் சுவரை மூடச் சொன்ன என் தப்பு.

உங்கள் கடிதத்தில் நீங்கள் விலையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். எனக்குத் தெரிவது வேறு. கடைசியில் வர வேண்டியது முதலில் வந்திருக்கிறது, முதலில் முடிவாக வேண்டியது இன்னும் பேச்சில் இருக்கிறது. மண்டிக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெங்களூரா மாங்காய் பறிக்கும் முன்பே கூழ் ஆலையில் எப்போது இறக்குவார்கள் என்று கேட்டுக்கொள்கிறீர்கள் அல்லவா? காயைப் பறித்து லாரியில் ஏற்றிவிட்டு ஆலை வாசலில் வந்து கேட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கட்டடத்திலும் அதே கணக்குதான், அழுகுவது பொருள் அல்ல, பணம்.

ஆகவே தையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மார்கழி முழுவதும் ஒத்திகைக்கு வேண்டும். ஆட்கள் பழக வேண்டும், எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் ஷவரைத் திறந்து பார்க்க வேண்டும், ஜெனரேட்டர் லோடு தாங்குகிறதா பார்க்க வேண்டும். அப்படியென்றால் கட்டில், மெத்தை, அலமாரி கார்த்திகையில் உள்ளே வந்திருக்க வேண்டும். அதற்கு ஐப்பசியில் பாத்ரூம் ஃபிட்டிங்ஸும் கதவும் முடிந்திருக்க வேண்டும். அதே ஐப்பசியில்தான் தீபாவளி. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகார்க்காரர்களுக்குச் சட் பூஜை. டைல்ஸ் ஒட்டுபவர்களும் பெயின்டர்களும் அந்தப் பக்கத்து ஆட்கள் என்றால் ஐப்பசியில் பாதி மாதம் கையில் இல்லை என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். வெளிச்சுவர் பெயின்டைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது.

இப்போது லிஃப்டை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து பொருள் சைட்டுக்கு வர மூன்று முதல் நான்கு மாதம். பொருத்துவதற்கு மூன்று நான்கு வாரம். அதற்குப் பிறகு மின் ஆய்வுத் துறையிடம் உரிமம். 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு லிஃப்ட் சட்டப்படி அது இல்லாமல் ஓட்டக் கூடாது. இன்று ஆர்டர் கொடுத்தால்கூட மார்கழியைத் தொடும். ஆடி கழியட்டும் என்றால் அந்த நாட்களைத் தையிலிருந்துதான் கழிக்க வேண்டும். பெரியவர்கள் பேச்சை மீறச் சொல்லவில்லை. அட்வான்ஸை ஆவணி முதல் முகூர்த்தத்தில் கொடுங்கள். ஆனால் லிஃப்ட் கம்பெனி ஆளை இந்த வாரமே வரவழைத்து, லிஃப்ட் ஏறி இறங்கக் கட்டியிருக்கும் கூண்டை அளக்கச் சொல்லுங்கள். கீழ்க்குழி எத்தனை ஆழம், மேல் தளத்துக்கு மேலே எவ்வளவு உயரம், நான்கு சுவரும் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா என்று. இந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிராயிங் போடவும் அதை நீங்கள் சரி சொல்லவுமே இரண்டு மூன்று வாரம் போய்விடும். டிராயிங் போடுவதற்கு ஆடி தடையில்லை என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

லிஃப்டைப் போலவே உங்கள் கையில் இல்லாத இன்னொன்று கரண்ட். 36 ஏசி, 36 கீசர், ரெஸ்டாரண்ட் கிச்சன், லிஃப்ட் எல்லாம் சேர்த்து லோடு கணக்கை எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்கி மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டதா? கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு என்று வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் உங்கள் செலவு, அதுவும் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்கும் பொருள்தான்.

சரி, டைல்ஸுக்கு வருகிறேன்.

உங்கள் அறை தரை 12க்கு 16 என்று பிளானில் அனுப்பியிருக்கிறீர்கள். 192 சதுர அடி. 36 அறைக்கு 6,912. நீங்கள் எடுத்திருப்பது 600க்கு 1200 மில்லிமீட்டர் டைல், பெட்டிக்கு இரண்டு, அதாவது 15.5 சதுர அடி. 6,912ஐ 15.5ஆல் வகுத்தால் 446. மச்சான் அதைத்தான் செய்திருக்கிறார், நான்கு பெட்டி சேர்த்து 450 வாங்கியிருக்கிறார். கணக்குப் புத்தகத்தில் அது சரி, தரையில் சரியில்லை. சுவரோரம் வெட்டும் துண்டு, ஒட்டும்போது உடைவது என்று எட்டு சதவீதமாவது போகும். இந்தப் பெரிய டைலில் மீதித் துண்டு வேறு இடத்துக்கு உதவுவதும் குறைவு.

எட்டு சதவீதம் சேர்த்தால் ஓர் அறைக்கு 13.4 பெட்டி, முழுப் பெட்டியாக 14. உங்களிடம் நல்லதாக இருப்பது 432. பதினாலால் வகுத்தால் 30 அறை வருகிறது, 12 பெட்டி மீதி. ஆகவே இந்த டைல்ஸை முதல் மாடி, இரண்டாவது மாடி முழுவதும், மூன்றாவது மாடியில் ஒரு பக்கம் ஆறு அறை என்று 30 அறைக்கு ஒதுக்குங்கள். மூன்றாவது மாடியில் மலையைப் பார்க்கும் பக்கத்து ஆறு அறைக்கு வேறு டிசைன் டைல், முடிந்தால் மர நிறத்தில், எடுத்துவிடுங்கள். வாடகை இருநூறு முன்னூறு கூட்டியும் வைக்கலாம். அதே டிசைனை மறுபடி தேடி அலையாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் சூளை வேறு நாள் ஓடியிருந்தால் நிறம் கொஞ்சம் தள்ளும், அளவும் ஒரு மில்லிமீட்டர் தள்ளும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியாது. ஒரே அறையில் ஒட்டி, காலையில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் தெரியும். மீதி 12 பெட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஐந்து வருடம் கழித்து ஏதோ ஓர் அறையில் பாத்ரூம் கசிந்து தரையை உடைக்கும்போது அது தேவைப்படும்.

பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்களை மச்சானுக்குக் காட்டிக் கொடுங்கள். பேட்ச், ஷேடு, அளவுக் குறி என்று மூன்று இருக்கும். புது ஆறு அறைக்கான பெட்டிகள் இறங்கும்போது லாரியின் பின்கதவைத் திறந்ததும், ஒரு பெட்டியையும் கீழே இறக்காமல், மேலே, நடுவே, அடியில் என்று பத்துப் பெட்டியின் எண்ணை வாசித்துப் பார்க்க வேண்டும். ஒன்று மாறியிருந்தால் அப்படியே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் பேச வேண்டும். இறக்கிய பிறகு பேசினால் உங்கள் பேச்சுக்குப் பாதி மதிப்புதான். இப்போது பார்க்கிங்கில் கிடப்பதை அட்டைப் பெட்டியோடு படுக்க வைத்திருந்தால் இன்றே நிமிர்த்தி, மரச்சட்டத்தின் மேல், செங்குத்தாக அடுக்கி, தார்ப்பாய் போடுங்கள். ஒரு பெட்டி ஏறத்தாழ 30 கிலோ. 13 டன் எடையை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் 18 பெட்டி உடைவது ஆச்சரியமே இல்லை.

மோர்பியிலிருந்து இங்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல். சரக்கோடு வரும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். வழியில் லாரி ரிப்பேராகி நின்றால், காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னோ பின்னோ டிரான்ஸ்போர்ட்காரர் அதை நீட்டிக்க வேண்டும். லாரி கிளம்பியதும் இ-வே பில் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கிவைத்து, முடியும் தேதியைச் சுவரில் எழுதிவிடுங்கள். இறக்குகூலி யாருடையது, இரவு வந்து நின்றால் ஹால்டிங் (காத்திருப்புக் கூலி) யார் கொடுப்பது என்பதையும் ஆர்டரிலேயே எழுதுங்கள். நம் பக்கம் சண்டை எப்போதும் பொருள் விலையில் வராது, கடைசி ஐம்பது அடியில்தான் வரும்.

இனி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப் போடலாமா என்ற கேள்வி. சிமெண்டை வாங்கிப் போடவே வேண்டாம். மூட்டை மூன்று மாதம் கிடந்தால் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பலகை மேல் வைத்து, பதினைந்து நாள் தேவைக்கு மட்டும் வாங்கினால் போதும். விலை ஏறும் என்ற பயமும் எப்போதும் சரியாக இருக்காது. 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தின மாதம் குடோன் நிறைய வாங்கி வைத்த ஒருவர் என்னிடம் வந்து புலம்பினார்.

கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட், பூச்சுக்கான பி-சாண்ட், ஜல்லி இதெல்லாம் வேறு கதை. குவாரி நம் ஊரில் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். சூளகிரி, ஓசூர் பக்கம் உடைக்கும் கல்லுக்குப் பெங்களூர்தான் பெரிய வாடிக்கை. அங்கே வேலை சூடு பிடித்தால் இங்கே டிப்பர் கிடைக்காது. 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கிரஷர் பக்கத்து ஊர்க்காரர்களே ஒரு யூனிட்டுக்கு அலைந்தார்கள். பூச்சு முடிய எத்தனை யூனிட் வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டு, பாதியை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப் போகாது. இறக்கும்போது டிப்பருக்குள் ஏறி அளவு டேப் போடுங்கள். நூறு கன அடி ஒரு யூனிட். மேலே குவித்துக் காட்டுவார்கள், ஓரத்தில் பள்ளமாக இருக்கும்.

ஒயர், ஏசி செம்புக் குழாய், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் இவற்றில்தான் மொத்தமாகப் பேசுவதற்குப் பொருள் உண்டு. செம்பு விலை நாளுக்கு நாள் ஆடும். விலையைப் பூட்டுங்கள், பொருளை அவர் குடோனிலேயே விடுங்கள். 36 அறைக்கும் சேர்த்து ஒரே ஆர்டர், ஒரே விலை, மூன்று தவணையாக டெலிவரி, எந்தத் தவணை எந்தத் தேதி என்று எழுத்தில். பெரிய டீலர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள், கொஞ்சம் கூடுதல் அட்வான்ஸ் கேட்பார்கள், கொடுக்கலாம். செம்புக் குழாயைச் சைட்டில் குவித்து வைத்துவிட்டு வாட்ச்மேனை நம்பித் தூங்குவதைவிட அது மலிவு.

கல் வாங்கப் பெங்களூர் போகாதீர்கள். ரிசப்ஷன் கவுன்ட்டருக்கும் படிக்கட்டுக்கும் ஜிகினியில் கிரானைட் பார்த்து வந்ததாக எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு பகுதி நம் மாவட்டத்து மலையிலிருந்து அங்கே போய், பாலிஷாகி, மறுபடி உங்களிடமே திரும்பி வரும் கல்லாகவும் இருக்கும். பர்கூர் பக்கம் பாலிஷ் யூனிட்டுகளில் நேரில் போய்ப் பாருங்கள். படிக்கட்டுக்குக் கட்டர் ஸ்லாப் போதும், அகலம் குறைவு, விலையும் குறைவு. ரிசப்ஷன் கவுன்ட்டருக்கு மட்டும் அகலமாக அறுத்த கேங்சா ஸ்லாப், ஒரே பிளாக்கில் அடுத்தடுத்து அறுத்த பலகையாக எடுங்கள். எடுத்ததும் ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் பெயின்டில் உங்கள் அடையாளமும் வரிசை எண்ணும் போட்டு, அடையாளம் தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டு வாருங்கள். ஏற்றும்போது பலகை மாறுவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

பாத்ரூம் பூச்சை நிறுத்தச் சொன்னேன் அல்லவா, அதற்கு அடுத்த வேலை இது. முதல் மாடியில் ஓர் அறையை, ஒரே ஓர் அறையை, முழுவதும் முடியுங்கள். டைல்ஸ், டைவர்ட்டர், கதவு, சுவிட்ச், ஏசி, கட்டில், மெத்தை, திரை, பல்லி ஓடாத ஜன்னல் வலை வரை. மூன்று வாரம் ஆகும், வீண் என்று தோன்றும். முடிந்ததும் வீட்டிலிருந்து நான்கு பேரை ஆளுக்கு ஒரு நாள் தூங்கச் சொல்லுங்கள். கட்டிலின் தலைப்பலகை சுவிட்ச் போர்டை மறைக்கும். பாத்ரூம் கதவு திறந்தால் பெட்டி வைக்கும் மேடையில் இடிக்கும். கீசரைக் கழற்ற வழி இருக்காது. உப்புத்தண்ணீர் ஊர் ஆயிற்றே, கீசர் கழற்றாமல் ஒரு வருடம் ஓடாது. இத்தனையும் ஓர் அறையில் தெரிந்தால் திருத்தச் செலவு ஓர் அறைக்கு. அந்த அறையில் என்ன பொருள் போட்டிருக்கிறீர்களோ, மாடல் எண்ணோடு ஒரு பட்டியல் எழுதி, முப்பத்தாறால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் ஆர்டர். அதற்கு முன் ஃபிட்டிங்ஸ், ஃபர்னிச்சர் யாருக்கும் மொத்த ஆர்டர் வேண்டாம். மற்ற அறைகளின் பாத்ரூம் பூச்சை அந்த மாதிரி அறையின் டைவர்ட்டர் ஆழத்தை அளந்து பார்த்துத் தொடங்குங்கள்.

ஃபர்னிச்சர்காரருக்கு 60 சதவீதம் கொடுக்காதீர்கள். மாதிரி அறை முடிந்து ஆர்டர் கொடுக்கும்போது 30. பட்டறையில் முப்பத்தாறு கட்டிலின் சட்டமும் நிற்பதை நீங்களே போய் எண்ணிப் பார்த்த பிறகு 30. இறங்கியதும் 30. ஒரு மாதம் கதவு, டிராயர் ஒழுங்காக ஓடினால் கடைசிப் பத்து. ஓசூர் தாண்டி ஒன்றரை மணி நேர வண்டிதான், வாட்ஸ்அப் போட்டோவை நம்பி உட்கார வேண்டாம், அதே ஆறு கட்டிலை ஆறு கோணத்தில் எடுத்து அனுப்புவார்கள். பாத்ரூமை ஒட்டி வரும் அலமாரிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட், மற்றதற்கு ஐ.எஸ். 303 போதும். வெட்டுவதற்கு முன் பலகையில் முத்திரையைப் பார்த்துவிட்டு வாருங்கள், லேமினேட் ஒட்டிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

விரிப்பு, துண்டு வகைக்குக் கரூரில் சொல்லிவிடுங்கள், ஐப்பசியில் சொன்னால் போதும். கட்டிலுக்கு மூன்று செட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்கப் போயிருக்கும், ஒன்று அலமாரியில்.

மச்சான் விஷயத்தைக் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன். அவரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் ஆர்டர் கொடுப்பவர், பொருளை எண்ணி இறக்குபவர், பணம் கொடுப்பவர் மூவரும் ஒருவராக இருக்கக் கூடாது. இருந்தால் நல்லவர் கெட்ட பெயர் எடுப்பார், அதற்குப் பிறகு பொங்கலுக்குக்கூட அந்த வீட்டுக்குப் போக முடியாது. மச்சான் விலை பேசட்டும், ஆர்டர் போடட்டும். இறக்கி எண்ணுவதற்கு ஒரு ஸ்டோர் கீப்பரைச் சம்பளத்துக்கு வையுங்கள். மண்டியில் சிட்டை எழுதிப் பழகிய ஆள் ஒருவர் இருந்தால் அவரே போதும், இன்ஜினியரிங் தெரிய வேண்டியதில்லை. வண்டி எண், சலான் எண், எத்தனை வந்தது, எத்தனை உடைந்தது, எந்த மாடிக்கு யார் எடுத்துப் போனார். இவ்வளவு எழுதினால் போதும். பணம் உங்கள் கையிலிருந்து பேங்க் வழியாகப் போகட்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் மலிவு என்று மச்சான் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. கட்டடம் கட்ட வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கச் சட்டம் விடுவதில்லை. 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைக்கு இப்போது 5 சதவீத வரிதான், அதிலும் உள்வரிக் கழிவு (வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழிப்பது) கிடையாது. ஆகவே பில் வாங்கி என்ன லாபம் என்று தோன்றும். லாபம் வருமான வரியில் இருக்கிறது. ஓட்டல் கட்டடத்துக்கு வருடம் 10 சதவீதம் தேய்மானம் எழுதலாம், பில் இல்லாத செலவை எதில் எழுதுவீர்கள்? ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அந்தத் தொகை சொத்து மதிப்பில் சேராது. பேங்க் அடுத்த தவணைக் கடன் கொடுக்கப் பில் கேட்கும். ஃபிட்டிங்ஸ் வாரண்டியும் பில்லோடுதான். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

டர்ன்கீ வேண்டாம். ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் யோசிக்கலாம். பாதி வேலையில் புதிதாக வருபவர் முன்னால் நடந்த தப்புகளுக்கும் சேர்த்து விலை போடுவார், நாளைக்கு எது கசிந்தாலும் பழைய மேஸ்திரி வேலை என்று கை காட்டுவார். அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்து, ஓட்டல் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு சைட் இன்ஜினியரை ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

தையில் 36 அறையும் திறக்க முடியுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. லிஃப்ட் ஒன்றே இழுத்துவிடும். முதல் மாடி 12 அறையையும் ரெஸ்டாரண்டையும் தையில் திறந்து, மீதியைப் பங்குனிக்குள் முடிப்பது நடக்கக்கூடியது. மாங்காய் சீசனுக்கு வெளியூர் வியாபாரிகள் வந்து இறங்கும்போது முழு ஓட்டலும் தயாராக இருக்கும், உங்கள் மண்டிக்கு வருபவர்களே முதல் வாடிக்கை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மேல் மாடிகளில் டிரில்லிங், டைல்ஸ் வெட்டு, கல் அறுப்பு எல்லாம் மார்கழிக்குள் முடிந்திருக்க வேண்டும். பெயின்ட், திரை, கட்டில் பொருத்துவது போன்ற சத்தமில்லாத வேலை மட்டும் மீதி இருக்கலாம். அதனால் டைல்ஸ் ஒட்டுவதை மாதிரி அறைக்கு அடுத்து மூன்றாவது மாடியிலிருந்து கீழே வரச் சொல்லுங்கள். தீயணைப்புத் துறைச் சான்றைப் பகுதியாகத் திறப்பதற்கு எப்படிக் கேட்பது என்று இப்போதே அலுவலகத்தில் நேரில் விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக, சைட் வாசலில் நிற்கும் மாமரம் லாரி திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது, வெட்டிவிடலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். இனி உங்களுக்கு வர வேண்டிய பெரிய லாரி நான் எண்ணிப் பார்த்தால் நான்கோ ஐந்தோதான். ஆறு அறை டைல்ஸ், லிஃப்ட், ஜெனரேட்டர், கிச்சன் சாமான். மற்றதெல்லாம் டிப்பரிலும் 14 அடி வண்டியிலும் வரும். ஜெனரேட்டர் தவிர மற்ற லாரிகளைக் காவேரிப்பட்டணத்து மண்டி ஷெட்டிலேயே நிறுத்தி, சின்ன வண்டியில் மாற்றிக் கொண்டுவாருங்கள். ஜெனரேட்டர் ஒன்று மட்டும் கிரேனோடு வரும், அன்றைக்குத் தெற்குப் பக்கத்துத் தாழ்ந்த கிளையை வெட்டினால் போதும். அடிமரத்தைச் சுற்றி மூன்றடி தள்ளி நாலு கல் நட்டு, டிரைவர் கண்ணில் படும்படி சிவப்புத் துணி கட்டி வையுங்கள்.